இரண்டாவது ரிமோட்

போன வாரம் மதிய இடைவேளையில், எங்கள் டெஸ்டிங் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் கைக்குள் அடங்கும் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து மானிட்டரில் செருகினாள். அந்தக் காலத்து டிவி கேம்கள் நூற்றுக்கணக்கில் அதற்குள் இருக்கின்றனவாம். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனவள் ஒன்றில் நின்றாள். ஒரு மெட்டு வந்தது. கீச்சுக் குரலில் ஏறி இறங்கி, முடிந்த இடத்திலேயே மறுபடி தொடங்குகிற மெட்டு. "மேடம், மீரு ஆடுதாரா?" என்று, நானும் ஆடுகிறேனா எனத் தெலுங்கில் கேட்டு, இரண்டாவது ரிமோட்டை என் பக்கம் நீட்டினாள். பதில் போடவேண்டிய மெயில்கள் ஐந்து இருக்கின்றன என்றேன். மூன்றுதான் இருந்தன.

அந்த மெட்டு எனக்கு உடனே பிடிபடவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் அதே ஆட்டத்தை ஆடியவள் இப்படிச் சொல்வது வெட்கக்கேடுதான். ஆனால் காரணம் உண்டு. ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் எங்கள் வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் பவர்லூம் ஷெட். நான்கு தறி. அவை ஓடும்போது டிவியின் வால்யூமை எவ்வளவு திருகினாலும் படம் மட்டும்தான். கரண்ட் போனால் தறி நிற்கும், டிவியும் நின்றுவிடும். அமாவாசைக்குத் தறிக்கு லீவு. அன்றைக்குத்தான் ஆட்டத்துக்குப் பாட்டு உண்டு. மாதத்துக்கு ஒரு நாள் கேட்ட பாட்டு எத்தனை வருஷம் நினைவில் நிற்கும்?

நைனா அந்தத் தறிகளை ஓட்டினார். அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தாள். எனக்கு ஏழு வயதில் போனாள். இரண்டு வருஷம் என்று சொல்லிப் போனது மூன்றானது. எங்கள் தெருவில் குவைத்துக்குப் போன பெண்கள் நாலைந்து பேர் இருந்ததால் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை. நான் மட்டும் கோடு போட்ட நோட்டில் பட்டியல்கள் வைத்திருந்தேன். அம்மா வந்தால் சொல்லவேண்டியவை, அம்மா வந்தால் கேட்கவேண்டியவை, அம்மாவிடம் சொல்லக்கூடாதவை. மூன்றாவது பட்டியல்தான் நீளம்.

இரண்டாவது வருஷம், லீவில் வந்த புத்தூர் அம்மாள் ஒருவரிடம் அம்மா ஒரு அட்டைப்பெட்டி கொடுத்தனுப்பியிருந்தாள். வேலை செய்த வீட்டுப் பையனுக்குப் புது மிஷின் வந்துவிட்டதாம், பழசை இவளிடம் கொடுத்துவிட்டார்களாம். சாம்பல் நிறத்தில் ஒரு டப்பா, வயர் வைத்த இரண்டு ரிமோட், ஒரு கேசட். கேசட்டின் மேல் அரபி எழுத்து. அந்த ஊர் பிளக்கின் சதுரக் கால்கள் எங்கள் வீட்டுத் துளையில் போகவில்லை. நைனா அதைக் கத்தரித்து, பழைய இஸ்திரிப் பெட்டி ஒன்றின் பிளக்கை மாட்டினார். எங்கள் கறுப்பு வெள்ளை டிவியில் சேனலைத் திருகித் திருகி, பொரிபொரியான புள்ளிகளுக்கு நடுவில் ஒரு தொப்பிக்காரன் தெரிந்தபோது, "தோ, வந்துட்டான்டி!" என்று என்னைவிட அவர்தான் கத்தினார்.

தொப்பிக்காரன் ஏணி ஏறவேண்டும், சாவி பொறுக்கவேண்டும், எலி வந்தால் தாண்டவேண்டும். அவ்வளவுதான். இரண்டு பேர் ஆடலாம் என்பதைத் தேர்ந்தால் இன்னொரு தொப்பிக்காரனும் வருவான். நான் எப்போதும் இரண்டு பேர் என்றுதான் தேர்ந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். இரண்டாவது ஆள் ஏணியின் அடியில் அசையாமல் நிற்பான். எலி வந்து மோதும்வரை நிற்பான். அதன்பின் நான் தனியாக ஏறுவேன். நைனாவைக் கூப்பிட்டால், "எனக்குத் தறியில ஏறி எறங்கவே நேரம் சரியாக்கீது, இதுல வேற ஏணியா?" என்பார்.

வெள்ளிக்கிழமை எதிர்வீட்டு அக்காவின் போனுக்கு அம்மா பேசுவாள். பேச்சு நாலு நிமிஷம். நான் முன்கூட்டியே வரிசை போட்டு வைத்துக்கொண்டுதான் பேசுவேன். ஒருமுறை வரிசையில் இல்லாததைச் சொன்னேன்: "மா, கேம்ல அறுபதாயிரம் எடுத்தேன்."

"அறுபதா! நான் வரும்போ காட்டுவியா?"

"காட்டுறேன்."

கொடுத்த இந்த வாக்குதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அந்த மிஷினுக்கு ஞாபகசக்தி கிடையாது. அணைத்தால் எடுத்த எண் போய்விடும். அணைக்காமலிருந்தால், முதல் பக்கத்தில் அந்த எண்ணும் பக்கத்தில் நாம் போட்ட மூன்று ஆங்கில எழுத்தும் நிற்கும். அம்மா வருகிற வாரம் ஞாயிற்றுக்கிழமை எண்பத்திரண்டாயிரம் எடுத்தேன். என் பெயரின் முதல் மூன்று எழுத்தைப் போட்டேன். டிவியை மட்டும் அணைத்துவிட்டு டப்பாவை ஓடவிட்டேன். சூடாகாமலிருக்க ஒரு அட்டையால் விசிறினேன். செவ்வாய்க்கிழமை அம்மா வருகிறாள். நடுவில் கரண்ட் போகக்கூடாது. ஆச்சரியம், அந்த இரண்டு நாளும் கரண்ட் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை நைனா தறியை நிறுத்திவிட்டார். நான் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டுத் திரும்பினேன். எதிர்வீட்டு அக்காவிடம் இரவல் வாங்கிய இஸ்திரிப் பெட்டி தரையில் சூடாக நின்றிருந்தது. டிவிக்கு நேராக வயர் இழுத்தது போக, எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு பிளக் பாயின்ட்.

"இன்னா நைனா பண்ணே?"

"சொக்காவுக்கு இஸ்திரி போட்டேன். மூணு வருசம் கழிச்சி வரா, ஏர்போர்ட்ல கசங்கின சொக்காயோட போயி நிக்கச் சொல்றியா?"

"டப்பாவ புடுங்கிட்டியே!"

"திருப்பிப் போட்டுட்டேன் பாரு, லைட்டு எரியுது. அடுப்பு அணைஞ்சா பத்த வெக்கிறதில்ல? அந்த மாதிரிதான்."

டிவியைப் போட்டேன். முதல் பக்கத்தில் என் எண் இல்லை. அவர் அந்தச் சட்டையில் மாப்பிள்ளை மாதிரி இருந்தார். கிளம்பிப் போய்விட்டார்.

சாயந்திரம் அம்மா வந்தாள். வெளுத்திருந்தாள், கொஞ்சம் பருத்திருந்தாள், வேறு சோப்பு வாசனை வந்தது. பெட்டியிலிருந்து போர்வை, தைலம், பால் பவுடர், சாக்லேட், நைனாவுக்கு வாட்ச். தெருவே வந்து பார்த்துப் போனது. நான் கதவோரம் நின்றேன். அன்றைக்கு முழுக்க அவளிடம் நாலு வார்த்தைகூடப் பேசவில்லை என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலையில் கேட்டாள். "இன்னாடி மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு கீற? எங்க உன் நம்பரு?"

நைனாதான் அசட்டுச் சிரிப்போடு சொன்னார். அம்மா அவரைப் பார்த்து, "சொக்கா போட்டு அழகு காட்டின லட்சணமா? நான் உன் மூஞ்சப் பாத்தனா, சொக்காவப் பாத்தனா?" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "வுடு. நான் எடுத்துத் தரேன் வா" என்று டிவி முன்னால் உட்கார்ந்தாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. தமிழே எழுத்துக்கூட்டிப் படிப்பவள். ஆனால் அவள் கேசட்டை உருவி, அடியில் ஊதி, உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டி, திருப்பிச் செருகினாள். முதல் ரிமோட்டை என்னிடம் தள்ளிவிட்டு இரண்டாவதை எடுத்துக்கொண்டாள். அவள் கட்டைவிரல் போய் உட்கார்ந்த இடத்தில் பொத்தானின் சிவப்பு தேய்ந்து வெள்ளை தெரிவதை அப்போதுதான் கவனித்தேன்.

ஏணியின் அடியிலேயே நின்றுகொண்டிருந்த அந்த ஆள் ஓடினான். நான் ஒரு வருஷமாகப் பார்த்திராத இடத்தில் சுவரை முட்டினான், உள்ளே சாவிகள் இருந்தன. எலிகளைப் பார்க்காமலே தாண்டினான். நான் மூன்றாவது மாடியில் செத்துப்போனேன். அவள் போய்க்கொண்டே இருந்தாள். அன்றைக்கும் தறி ஓடவில்லை. அந்த மெட்டு வீடு முழுக்கக் கேட்டது. "யல்லா, யல்லா" என்று அரபியில் அவனை விரட்டி முணுமுணுத்தாள். ஓர் இடத்தில் என் முழங்காலைத் தட்டி, "ஹமூதி, பாத்துக்கோ, இங்கதான் குதிக்கணும்" என்றாள்.

"யாரு மா ஹமூதி?"

"அந்த வூட்டுப் பையன்டி. உன் வயசுதான்." கண் திரையிலேயே இருந்தது. "அவங்கம்மா வேலைக்குப் போயிடும். தனியா ஆடமாட்டான், அழுவான். இதக் கையில குடுத்துடுவான். சமையல் பாதியில கெடக்கும், நான் ஆடிக்கினு இருப்பேன்."

"தெனமுமா?"

"தெனமும்தான்."

ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தில் ஆட்டம் முடிந்தது. பெயர் போடும் பக்கம் வந்தது. அம்மா எண்ணிக்கொண்டே அழுத்தினாள். மேலே ஏழு தடவை, ஒரு பொத்தான். அப்புறம் சும்மா ஒரு பொத்தான். மேலே பன்னிரண்டு தடவை, பொத்தான். திரையில் எச், ஏ, எம் என்று வந்தது.

அவளுக்கு ஆங்கில எழுத்து தெரியாது. அந்தப் பையன் விரலைப் பிடித்துக் கற்றுக்கொடுத்ததை, ஆட்டத்தை முடித்துவைக்கிற முறை என்றே அவள் நினைத்திருந்தாள். கோலத்தின் கடைசிப் புள்ளியைச் சேர்த்தவள் மாதிரி ரிமோட்டைக் கீழே வைத்தாள். "பாத்தியா? உன்துக்கு மேலயே எடுத்துட்டேன். இன்னா எழுதிகினு கீது?"

"முடிஞ்சிச்சுன்னு எழுதியிருக்குது மா."

இதை நான் ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், அம்மா நாற்பது நாள் இருந்தாள், அந்த நாற்பது நாளில் நான் ஒருமுறைகூட அவளோடு ஆடவில்லை. தெளிவாக யோசித்துத்தான் ஆடவில்லை. கிளம்புவதற்கு முதல்நாள், "வாடி, ஒரு ஆட்டம் போடலாம்" என்றாள். ஹோம்வொர்க் இருக்கிறது என்றேன். அப்போது கோடை லீவு. அவள் ரிமோட்டின் வயரைச் சுற்றிவைத்தாள். அடுத்த தடவை வேறு வீட்டுக்குப் போனாள். அங்கே குழந்தைகள் இல்லையாம், ஒரு படுத்த படுக்கைக் கிழவி மட்டும். இதைப் போனில் கேட்டபோது எனக்குள் எழுந்த நிம்மதியை மூன்றாவது பட்டியலில் எழுதிவைத்தேன்.

இப்போது அம்மா திருப்பதியில் என்னோடு இருக்கிறாள். நைனா இல்லை. நகரி ஷெட்டில் தறிகளைப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. டப்பாவும் அந்த மூட்டையோடு போனது. நான் ஹாஸ்டலில் இருந்த வருஷம், யாரும் என்னைக் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். எதிர்வீட்டுப் போன் இல்லை, அந்த எண்ணுக்கு இப்போது யாரும் எடுப்பதில்லை. கேசட்டை ஊதுகிற வழக்கம் இல்லை.

அந்த மெட்டைக் கேட்ட அன்று சாயந்திரம் அம்மாவிடம் சொன்னேன். "ஹமூதிய உன் போன்ல தேடினா கெடைப்பானா?" என்றாள்.

"முழுப் பேரு இன்னா மா?"

"அது யாருக்குத் தெரியும்? நான் ஹமூதின்னுதான் கூப்புடுவேன்."

முதல் மூன்று எழுத்து எனக்குத் தெரியும். அடித்தேன். வரிசையாக முகங்கள் வந்தன. தாடி வைத்தவர்கள், கூலிங் கிளாஸ் போட்டவர்கள், மடியில் குழந்தை வைத்திருப்பவர்கள். அம்மா என் தோளோடு ஒட்டி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இவனா?"

"ஊகூம்."

"இவனா?"

"மூக்கு இப்படி இருக்காதுடி. சின்னதா இருக்கும்."

அவள் தேடிக்கொண்டிருந்தது பத்து வயதுப் பையனின் முகத்தை. அது இப்போது எந்த ஊரிலும் இல்லை. என்னுடைய எட்டு வயதையும் ஒன்பது வயதையும் அவளால் இப்படித் தேடக்கூட முடியாது. அந்த முகங்களை அவள் பார்த்ததே இல்லை. அடுத்த பக்கத்தைத் தள்ளினேன்.