குங்குமம் வைத்த புதுப் பந்து

மைதானத்தில் என் மகள் பந்தைத் தலையால் முட்டிய சத்தம் கேட்டதும் உட்கார்ந்திருந்த நான் எழுந்து நின்றுவிட்டேன். சின்ன வயதில் எங்கள் பாலக்கரை வீட்டு வாசலில் கேட்ட அதே சத்தம்.

அப்பா கல்லூரி நாளில் பெரிய ஃபுட்பால் ஆட்டக்காரர். தலையால் கோல் போட்டே பெயர் வாங்கியவர். ஆட்டத்தை விட்டு ஆபீஸ் வேலைக்குப் போன பிறகும் அந்தப் பெயர் எங்கள் தெருவை விட்டுப் போகவில்லை. எந்த டீம் புதுப் பந்து வாங்கினாலும் குங்குமம் வைத்து எங்கள் வீட்டுக்குத்தான் முதலில் கொண்டுவருவார்கள். அப்பா ஒரு தடவை முட்டிக் கொடுத்தால்தான் ராசி.

“வேணாங்க, போன தடவையே தலை வலிச்சுதே” என்பாள் அம்மா.

“ஆசையா வந்திருக்காங்க. மாட்டேன்னு எப்படிச் சொல்றது?” என்பார் அப்பா.

ஒரு மழை நாளில் கொண்டுவந்த பந்து நனைந்து கல்லாய்க் கனத்தது. அப்பா முட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். நெற்றியில் குங்குமம் அப்பியிருக்க, அவர் என் பக்கம் திரும்பினார்.

“நீ யார் வீட்டுப் பொண்ணும்மா?”

விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் என் பெயர் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. பிந்தைய வருடங்களில் அது வர இன்னும் நேரமானது. கடைசியில் வரவேயில்லை.

மகள் வியர்வையோடு ஓடி வந்தாள். நெற்றி சிவந்திருந்தது.

“நான் யாருன்னு சொல்லு” என்றேன்.

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் போதவில்லை. “சொல்லும்மா” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.