நெஞ்சில் நட்சத்திரம் உள்ள படம்

இன்று கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களுக்குக் களைக்கொல்லிக் கேன்களில் உள்ள எச்சரிக்கைப் படங்களைப் பற்றிப் பயிற்சி. நடத்தியவர் சிங்களத்தில் பேச, நான் தமிழில் சொன்னேன்.

நெஞ்சில் நட்சத்திரம் வெடித்த மனிதனின் படம் திரையில் வந்தது.

"இது எங்க வீட்டுக் கேன்லயும் இருந்துச்சுங்க" என்றார் முன்வரிசையில் இருந்த கொழுந்து பறிக்கும் சரோஜா அக்கா. "வீட்டுக்காரரு மருந்தடிக்கப் போனப்ப வெறுங்கேனா கொண்டாந்தது. நான்தான் படத்தைத் தேங்காத்தும்பு போட்டுத் தேச்சு எடுத்தேன்."

"இவ அடுப்பையே கழுவுறவ" என்றார் பக்கத்திலிருந்தவர். எல்லோரும் சிரித்தார்கள்.

பயிற்சியாளர் சொன்னதை நான் தமிழில் சொன்னேன்: இது உடம்புக்குள் போனால் நுரையீரலையும் ஈரலையும் மெல்ல மெல்லக் கெடுக்கும்.

அக்கா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கேன்லதாம்மா அவருக்குக் குடிக்கத் தண்ணி வச்சேன். சாகுற வரைக்கும்."

"லேபல்ல தமிழ்ல ஒரு வரிகூட இல்லயேக்கா. உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"என்ன சொல்கிறார்?" என்று பயிற்சியாளர் என்னிடம் கேட்டார்.

"லேபல் தேய்த்தால் போய்விடுகிறதாம்" என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் கவனமாகக் குறித்துக்கொண்டார்.

இதைவிட நல்ல மொழிபெயர்ப்பு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.