ஞாயிறுதோறும் டாலா

போன ஞாயிறு ஒரு துப்பறியும் வேலை பார்த்தேன். கொஞ்சம் வெட்கம்தான்... ஆனால் ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுவிடும் போலிருந்தது. என்ன செய்ய?

மாரிமுத்து நகரத்தில் போட்டாதாங் பேட்டையில் எனக்குப் பக்கத்து வீடு. படகுத்துறைக் கிடங்கில் வேலை. அவர் மகளை, நகரத்தின் மறுகோடியில் இன்சீனில் இருக்கிற கோவிந்தன் தன் பையனுக்குக் கேட்டிருந்தார். பேசி முடிக்கிற நேரத்தில் கோவிந்தன் காதில் ஒரு செய்தி விழுந்தது. மாரிமுத்து ஞாயிறுதோறும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தனியாக, ஆற்றைக் கடந்து டாலா போகிற படகில் ஏறுகிறார். கையில் ஒரு பை. பையில் சோப்பு, எண்ணெய், பூத்துவாலை. வேறென்ன? அக்கரையில் சின்ன வீடு!

கோவிந்தன் ரயிலேறி நேரே என்னிடம் வந்தார். "வேணாம்னு சொல்லவும் மனசு வரலண்ணே. நீங்க பேப்பர்ல எழுதறவர். பாத்தத மட்டும் சொல்வீங்க."

அந்த ஞாயிறு மாரிமுத்து கண்ணில் படாமல் படகில் ஒதுங்கி நின்றுகொண்டேன். டாலாவில் இறங்கிய மாரிமுத்து விறுவிறுவென்று நடந்தார். எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

தெருமுனைக் கடைக்குக்கூட மோட்டார் சைக்கிளில் போன மனிதர் அவர். நகரத்துக்குள் மோட்டார் சைக்கிளே கூடாது என்று உத்தரவு வந்த பிறகு வேலைக்கும் நடை, சந்தைக்கும் நடை. தொப்பை பாதியாகிவிட்டது. உத்தரவுக்குக் காரணம் புகை என்பார் ஒருவர், சத்தம் என்பார் இன்னொருவர். காரணம் யாருக்குத் தெரியும்? பலன் அவரவர் கைலி முடிச்சுக்குத் தெரியும்.

அவர் போய் நின்றது, சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா மிதிக்கிற ஒருவரின் வீடு. பக்கத்தில் கொட்டகை. உள்ளே நுழைந்த மாரிமுத்து குந்தி உட்கார்ந்து, பூத்துவாலையால் பதமாகத் துடைத்துக்கொண்டிருந்தார் — தன் பழைய சிவப்பு மோட்டார் சைக்கிளை. டாலாவுக்கு அந்த உத்தரவு கிடையாது.

என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "வீட்ல சொல்லிராதீங்கண்ணே. பெகு ஊர்ல இருக்கற மச்சானுக்குக் குடுத்துட்டேன்னு சொல்லி வச்சிருக்கேன்."

ஊர் வேறு மாதிரிப் பேசுகிறது, மகள் சம்பந்தம் ஊசலாடுகிறது என்றேன். முகம் வெளுத்துவிட்டது. பிறகு பழக்கதோஷத்தில் வண்டியை உதைத்துக் கிளப்பினார். கொட்டகை முழுக்கப் புகை. இருமி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "இவ்வளவு புகையா விட்டுக்கிட்டிருந்துச்சு இது?"

ஓட்டுகிறவருக்கு எப்படித் தெரியும்? பின்னால் வந்த எங்களைக் கேட்டிருக்க வேண்டும்.

அன்று சாயங்காலமே மாரிமுத்து கோவிந்தனை வரவழைத்து, அவரை வைத்துக்கொண்டு மனைவி செல்லம்மாளிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். நான் பார்த்ததை நானும் சொன்னேன். செல்லம்மாள் நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பொம்பளையா இருந்தா நாலு வார்த்தை கேட்டிருப்பேன். இரும்பை என்னத்தக் கேக்கறது?"

எல்லாரும் சிரித்தோம், கோவிந்தனைத் தவிர. சம்பந்தம் போச்சா?

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சம்பந்தி... அந்தக் கொட்டகைல இன்னொரு வண்டிக்கு எடம் இருக்குமா?"

இன்சீனுக்கும் அதே உத்தரவுதான்; அவருடைய வண்டி அங்கே, பார்ட் பார்ட்டாகக் கழற்றப்பட்டு, கட்டிலுக்கு அடியில் படுத்திருக்கிறதாம்.

கல்யாணத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எந்தக் கிழமையானாலும் சரி, ஞாயிறு மட்டும் வேண்டாம் என்று சம்பந்திகள் இருவரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள்.