பிரிச்சுத் தைச்சாப் போச்சு

வாய் நிறையக் குண்டூசிகளை வைத்துக்கொண்டு, முழந்தாளிட்டு உட்கார்ந்து, அடுத்தவருடைய கால்சட்டையின் ஓரத்தை மடித்துப் பிடித்தபடி, "ம்ம்… ம்ம்ம்… ம்" என்கிறாள் குண்டூசி அக்கா. கால்சட்டைக்குள் நிற்பவர் தபால் அலுவலகத்துக்காரர். "புதன்கிழமை வரட்டுமா, வெள்ளிக்கிழமை வரட்டுமா?" என்று கேட்கிறார். "ம்ம்" என்கிறாள் மறுபடியும். எல்லாம் புரிந்தவர் போலத் தலையாட்டிவிட்டு அவர் போகிறார். புதன்கிழமை வந்து நின்றால், "வெள்ளின்னுதானே சொன்னேன்?" என்பாள் அக்கா. வெள்ளிக்கிழமை வந்தால், "புதனே முடிச்சு வச்சாச்சே, எங்க ஆளையே காணோம்?" என்பாள். எப்படி வந்தாலும் தப்பு அவருடையதுதான்.

குண்டூசிகள் துணிக்கு மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. பதில் சொல்லப் பிடிக்காத கேள்வி எதிரே வருகிறது என்று தெரிந்தாலே அக்காவின் கை தகர டப்பாவுக்குப் போகும். ஒரு பிடி எடுத்து உதட்டில் செருகிக்கொள்வாள். அப்புறம் கோர்ட்டில் நிறுத்திக் கேட்டாலும் "ம்ம்"தான்.

கடைக்கு வருகிற பாதிப் பேர் கேட்பது ஒரே கேள்வி. "ரெண்டு பேர்ல யாரு பெரிய ஆளு? உண்மையைச் சொல்லுங்க, வெளிய விடமாட்டேன்."

அந்த ஊர்க் கூடைப்பந்து அணியின் இரண்டு நட்சத்திரங்களும் அவள் வீட்டில்தான் சாப்பிடுகிறார்கள். ஒருவர் கட்டிக்கொண்டவர். இன்னொருவன் கூடப் பிறந்தவன். பேருந்து நிறுத்தத்தில் இருவருடைய முகமும் ஆளுயரத்துக்கு ஒட்டப்பட்டிருக்கிறது. போகிறவர்கள் எல்லாம் முகத்தைப் பார்ப்பார்கள். அக்கா தோள்பட்டைத் தையலைப் பார்ப்பாள். ஆட்டத்தின்போதும் அப்படித்தான். தம்பி எகிறிக் குதிக்கும்போது அரங்கமே வளையத்தைப் பார்க்கும், அவள் மட்டும் அவன் அக்குளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பந்து விழுந்து எல்லோரும் கத்தி ஓய்ந்த பிறகு, "தாங்கிடுச்சு" என்று பெருமூச்சு விடுவாள்.

கணவருக்கு ஊர் வைத்த பெயர் அலாரம். பால் வண்டி வருவதற்கு முன்னாலேயே பின்கட்டில் பந்து அடிக்கத் தொடங்கிவிடுவார். சுவரில் ஒரு வளையம். நின்ற இடத்திலிருந்து போட்டுக்கொண்டே இருப்பார். ஒன்று தவறினாலும் மறுபடி முதலிலிருந்து. மழை பெய்தால் பந்துக்கு மட்டும் துவாலை, அவருக்கு இல்லை. பக்கத்து வீட்டம்மா ஒருநாள் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "உங்க வீட்டுக்காரர் அடிக்கிற அடியில எங்க அலமாரிக் கதவு தானா திறந்துக்குதும்மா" என்று முறையிட்டாள். அக்கா அன்று மாலையே போய் அலமாரிக் கதவுக்கு ஒரு துணி வார் தைத்துக் கட்டிக் கொடுத்தாள். அலாரத்தை நிறுத்துவதைவிட அது சுலபம்.

தம்பிக்குத் தலையணை என்று பெயர். அணிப் பேருந்தில் ஏறினால் தூங்குவான். இறங்க வேண்டிய இடத்தில் உலுக்கினால், "வந்துடுச்சா? ஜெயிச்சுட்டோமா?" என்பான். பயிற்சிக்கு எல்லோரும் வியர்த்து முடித்த பிறகு, ஒரு கையில் கடித்த ரொட்டியும் ஒரு காலில் அவிழ்ந்த கயிறுமாக வந்து, நடுக்கோட்டில் நின்று, மற்றக் கையால் பந்தைத் தூக்கிப் போடுவான். வளையத்தில் படாமல் வலைக்குள் விழும். "எப்படிடா?" என்று கேட்டால், "எனக்கென்ன தெரியும், அதுவா போச்சு" என்பான். அவன் பொய் சொல்லவில்லை என்பதுதான் அவன் மாமா அலாரத்துக்கு ஆறாத எரிச்சல்.

ஊசிக்கு நூல் கோக்கும் விஷயத்திலும் இதே கதைதான். அக்காவுக்குக் கிட்டப் பார்வை மங்கிவிட்டது. கண்ணாடி போட மாட்டாள். "போட்டா எல்லாம் பளிச்சுனு தெரியும். அப்புறம் நான் தைச்சதை நானே பார்த்துச் சகிச்சுக்கணும்" என்பாள். அதனால் வீட்டு ஆண்கள்தான் கோத்துத் தரவேண்டும். தம்பியிடம் நீட்டினால் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரே குத்தில் நூலை நுழைத்துவிடுவான். ஆனால் நூல் தெருமுனை வரை நீளும், நுனியில் முடிச்சு இருக்காது. முதல் இழுப்பிலேயே மொத்தமும் உருவிக்கொண்டு வரும். அலாரம் முதலில் நூலை வெட்டுவார், நுனியை நனைப்பார், முறுக்குவார், குறி பார்ப்பார், தவறுவார், மறுபடி வெட்டுவார். ஆனால் அக்கா காலையில் கடை திறக்கும்போது, பஞ்சு உருண்டையில் அன்றைக்குத் தேவையான ஊசிகள் எல்லாம் நிறவாரியாக, அளவான நூலோடு, இரட்டை முடிச்சுப் போட்டுக் குத்தி வைக்கப்பட்டிருக்கும்.

அக்கா எந்தக் கட்சி என்று கேட்டால், அவள் வளர்ந்த விதம் அலாரம் கட்சி. தையல் பழகப் போன புதிதில், முதன்முதலாகக் கொடுத்த தலையணை உறையை நான்கு பக்கமும் தைத்து மூடிவிட்டு, "ஆச்சு" என்று நீட்டியவள் அவள். சட்டைக்கையைக் கழுத்தில் வைத்துத் தைத்திருக்கிறாள். குத்தாத விரல் இல்லை. அப்போது பிடித்துக்கொண்ட வார்த்தைதான் இன்றுவரை அவளுக்கு எல்லாவற்றுக்கும் மருந்து: "பிரிச்சுத் தைச்சாப் போச்சு." காபி கசந்தாலும் அதுதான், யாராவது கோபித்துக்கொண்டு போனாலும் அதுதான். இப்போது ஊரில் அவள் கையை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அவளுக்கு மட்டும் தெரிந்த ஒரு குறை உண்டு. கைத்தையல் போட்டால் ஒவ்வொரு தையலும் மயிரிழை அளவு இடப்பக்கம் சாயும். எத்தனை பிரித்தாலும் சாயும். வேறு யாருக்கும் தெரியாது, அவள் கணவரைத் தவிர. "உன் தையலை இருட்டுலயும் தடவிச் சொல்லிடுவேன்" என்பார் அவர்.

இந்த வீட்டுக்குள்தான் அந்தப் பட்டை வந்தது.

அணித்தலைவரின் ஜெர்சியில் மார்பு எண்ணுக்குக் கீழே மஞ்சளில் ஒரு விரல் நீளத்துக்குத் துணிப்பட்டை இருக்கும். மெல்லிய துணி என்பதால் மிஷினில் கொடுத்தால் சுருக்கம் விழும். கையால்தான் தைக்கவேண்டும். பழைய தலைவர் முழங்காலை உடைத்துக்கொண்டு படுத்துவிட்டார். இறுதி ஆட்டம் சனிக்கிழமை. அதோடு தன் ஆட்டமும் முடிந்தது என்று அலாரம் சொல்லிவிட்டார். "முட்டிக்கு ஓய்வு குடுக்கணும், அது என்னைவிட அதிகமா உழைச்சிடுச்சு." பட்டையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் ஒருநாள் குளியலறைக் கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தபோது அக்கா பார்த்துவிட்டாள். கண்ணாடி முன் நின்று, பல்துலக்கும் தூரிகையை மார்பில் குறுக்காக, எண்ணுக்குக் கீழே எந்த இடமோ சரியாக அந்த இடத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார் மனிதர். அவள் சத்தமில்லாமல் நகர்ந்து போய், குண்டூசிகளை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை கோச் வந்தார். இரண்டு ஜெர்சிகளை மேசையில் வைத்தார், மேலே பட்டையை வைத்தார். அதிலிருந்து மட்டும் கையை எடுக்கவில்லை.

"பசங்க ஓட்டுப் போட்டாங்க, தங்கச்சி. சரிபாதியா பிரிஞ்சு போச்சு. கடைசி ஓட்டு என்னோடது."

"ம்?" என்றாள் அக்கா.

"உங்க தம்பிக்கே போட்டுடுங்க. சனிக்கிழமை உடை மாத்துற அறையிலதான் நான் சட்டையைக் குடுப்பேன், அதுவரைக்கும் யாருக்கும் தெரியக்கூடாது. பட்டை யார் மேலயோ அவன் தலைவன், அவ்வளவுதான். எதிராளி உங்க தம்பியைப் பார்த்தாலே பயப்படுறான், அதான்." கதவு வரை போனவர் திரும்பினார். "பாதி மனசோடதான் சொல்றேன். மீதிப் பாதி உங்க வீட்டுக்காரர்கிட்ட இருக்கு. என்ன பண்ண, மனசைப் பிரிச்சு ரெண்டு சட்டையிலயும் தைக்க முடியாதே."

அன்றிலிருந்து அக்கா சாப்பாட்டு மேசைக்கும் குண்டூசியோடு வந்தாள்.

"என்னம்மா, முட்டைக்கு ஓரம் அடிக்கப் போறியா?" என்றார் அலாரம்.

"ம்ம்."

"அக்கா ஏதோ மறைக்குது மாமா" என்றான் தலையணை, தட்டிலேயே கண்ணை மூடிக்கொண்டு. "நாலு ஊசின்னா சின்ன ரகசியம். இன்னைக்கு வாயில ஒரு வேலியே இருக்கு."

"யாரு தலைவர்னு கோச் ஏதாவது சொன்னாரா?" அலாரம் குவளையைப் பார்த்தபடி கேட்டார். குரலில் ஒன்றும் இல்லாதது போல வைத்துக்கொள்ள அவர் பட்ட பாடு, பின்கட்டில் பட்டதைவிட அதிகம்.

"ம்ம்ம்" என்றாள் அக்கா. ஆமாம் என்றும் கொள்ளலாம், இல்லை என்றும் கொள்ளலாம்.

"எனக்குன்னா வேண்டாம்பா" என்றான் தம்பி. "தலைவன்னா பத்திரிகைக்காரங்க கூட்டத்துக்கு விடியக்காலைல போகணும். காலைன்னு ஒண்ணு இருக்குன்னே நான் கேள்விப்பட்டதுதான்."

அலாரம் சிரிக்கவில்லை. எழுந்து போய் ஊசிகளுக்கு நூல் கோத்தார். மஞ்சளிலும் ஒன்று கோத்து வைத்தார். யாருக்கு என்று கேட்கவில்லை.

வெள்ளி முழுவதும் அக்கா பட்டையை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். தம்பியின் சட்டையில் வைத்தால் கண் குளியலறைக் கதவுக்குப் போனது. கணவர் சட்டையில் வைத்தால் கோச்சின் குரல் கேட்டது. கடைசியில் இரண்டு சட்டைகளையும் மடித்து, பட்டையை நடுவில் செருகிவிட்டு, "காலைல பார்த்துக்கலாம்" என்று சமையலறைக்குப் போய்விட்டாள். அவள் வாழ்க்கையில் வேலையைத் தள்ளிப்போட்டது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை காலை கடை அறைக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றாள். பின்கட்டில் பந்துச் சத்தம் வழக்கம்போலக் கேட்டது. அவளுடைய நாற்காலியில் தலையணை உட்கார்ந்திருந்தான், விழித்துக்கொண்டு. மடியில் மாமாவின் ஜெர்சி. எண்ணுக்குக் கீழே மஞ்சள் பட்டை தைக்கப்பட்டிருந்தது.

"சார்ஜர் தேடி வந்தேன், இது கிடைச்சுது" என்று கொட்டாவி விட்டான். "என் சட்டையோட ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. பார்த்ததும் பகீர்னு ஆயிடுச்சு. அதான் பத்திரமான இடத்துல வச்சுட்டேன்."

அக்கா ஜெர்சியைப் பிடுங்கி ஜன்னலோரம் கொண்டுபோனாள். பிறந்ததிலிருந்து ஊசி பிடித்துத் தைக்காதவன். தொலைக்காட்சி பார்த்தபடி நூல் கோத்துக் கொடுத்ததோடு சரி. ஆனால் அந்தத் தையல்! எறும்பு வரிசை போலப் பொடிப்பொடியாக, ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளி, சுருக்கம் இல்லை, சாய்வு இல்லை. கண்ணாடி போடாத அவள் கண்ணுக்கே தெரிந்தது.

"எப்படிடா தைச்சே?"

"எனக்கென்ன தெரியும், அதுவா போச்சு."

அந்த நொடியில் அக்காவுக்குத் தன் கணவரின் மொத்த வாழ்க்கையும் புரிந்துபோனது. கையில் இருந்த அளவுகோலால் தம்பியின் முதுகில் ஒன்று வைத்தாள்.

"ஐயோ! நல்லது பண்ணா அடிக்கிறே?"

"கோச் உனக்குன்னு சொல்லிட்டுப் போனாருடா."

"அதுக்கென்ன, கை மாறிப்போச்சுன்னு சொல்லு."

"என் கை மாறாதுன்னு ஊருக்கே தெரியும். இத்தனை வருஷத்துல ஒரு பட்டனை இடம் மாத்தித் தைச்சதில்ல நான்."

"அப்ப இன்னைக்கு மாத்து." முதுகைத் தேய்த்துக்கொண்டே, முதல் முறையாகக் கொட்டாவி இல்லாமல் பேசினான். "நான் எழுந்திருங்கடான்னா பயலுக சிரிப்பானுங்க, அக்கா. மாமா சும்மா திரும்பிப் பார்த்தாலே எழுந்து நிப்பானுங்க. பந்து போடுறது நான் போட்டுக்கறேன்."

டப்பாவை நோக்கிப் போன அக்காவின் கை பாதியில் நின்றது. பட்டையை இன்னொரு தரம் தடவினாள். இந்தத் தையலை அந்த மனிதர் விரலால் ஒரு தடவை தொட்டால் போதும். "இது உன் கை இல்லையே" என்பார். விசாரிப்பார். உடை மாற்றும் அறையிலேயே, எல்லோர் முன்னாலும், தானே பிரித்து மச்சானிடம் நீட்டிவிடுவார்.

பின்கட்டில் பந்து விழுந்துகொண்டிருந்தது. தவறி, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

"பிரிச்சுத் தைச்சாப் போச்சு" என்றாள் அக்கா.

பிளேடை எடுத்தாள். அந்த அழகான எறும்பு வரிசையை ஒன்றுவிடாமல் அறுத்து உதறினாள். கொஞ்சம் அதிக உற்சாகத்தோடே உதறினாள் என்று சொல்ல வேண்டும். பஞ்சு உருண்டையிலிருந்து, தம்பி தொடாமல் விட்டிருந்த மஞ்சள் நூல் கோத்த ஊசியை உருவினாள். அளவான நூல், இரட்டை முடிச்சு. பட்டையைக் கணவரின் ஜெர்சியில் அதே இடத்தில் வைத்து முதல் தையலைப் போட்டாள்.

"அக்கா, இடப்பக்கமா சாயுது" என்றான் தம்பி, எட்டிப் பார்த்து.

"சாயட்டும்."

"நான் தைச்சதுதான் நேரா இருந்துச்சு. கோச்கிட்ட என்ன சொல்லுவே? மாமா கேட்டா நான் என்ன சொல்ல?"

பந்துச் சத்தம் நின்றது. பின்கதவுத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. அக்கா தகர டப்பாவைத் திறந்து, ஒரு பிடி குண்டூசியை எடுத்து, தம்பியின் திறந்த வாயில் வரிசையாகச் செருகினாள்.

"என்ன மாப்ளே, இந்நேரத்துக்கு எழுந்து உட்கார்ந்திருக்கே?" என்று கேட்டபடி அலாரம் பந்தோடு உள்ளே வந்தார்.

"ம்ம்… ம்ம்ம்… ம்" என்றான் தலையணை.

அக்கா நிமிராமல் கடைசித் தையலை முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.