நாக்கில் புளித்த பேட்டரி

சுரங்கத்தில் எனக்குக் கிடைத்த வேலை, கண்ணாடி ஜாடிகளில் நவச்சாரத் தண்ணீர் ஊற்றுவது. என் அண்ணன் சாஃப்ட் என்னும் செங்குத்துக் குழியின் அடியில் பாறைக்கு வெடி வைப்பவன். வட ஆற்காட்டிலிருந்து வந்ததும் என்னையும் அங்கேதான் கூப்பிட்டார்கள். அண்ணன் மேஸ்திரியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, மேலே பேட்டரி ரூமில் சேர்த்துவிட்டான். "நீ கீய எறங்க வேணாம். வூட்டுக்கு ஒருத்தன் போதும்" என்றான்.

அந்த ஜாடிகளின் வரிசையிலிருந்துதான் சாஃப்ட் மணிக்கு மின்சாரம் போனது. கீழே திரிக்குத் தீ வைத்ததும் பொத்தானை அழுத்துவார்கள். மேலே இன்ஜின் ரூமில் மணி அடிக்கும். டிரைவர் ஆள் நிற்கும் வாளியைத் தூக்கிவிடுவார்.

தினமும் காலையில் பேட்டரியைச் சோதிக்க வேண்டும். மணியை அடித்துப் பார்க்க வழியில்லை. சிக்னல் என்று நினைத்து டிரைவர் வாளியைத் தூக்கிவிடுவார். அதனால் எனக்கு முன்னால் இருந்தவர்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். வரிசையின் இரண்டு கம்பி முனைகளையும் நாக்கில் வைப்பது. சுருக்கென்று புளித்தால் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். நானும் அப்படியே செய்தேன்.

அந்தக் கோடைக் காலையிலும் புளித்தது. பலகையில் சரி என்று கோடு போட்டேன்.

மதியம், மற்றவர்களை மேலே அனுப்பிவிட்டு, அண்ணன் கடைசி ஆளாகத் திரிக்குத் தீ வைத்தான். மணி அடிக்கவில்லை, முனகியது என்றார் டிரைவர். தெளிவில்லாத சிக்னலுக்கு வாளியை நகர்த்தக் கூடாது என்பது சட்டம். அவர் தெளிவான அடிக்காகக் காத்திருந்தார். வெடிச் சத்தம்தான் கேட்டது.

விதி முடிந்தது என்றார்கள், சுரங்கக் கூலிகளின் லைன் வீட்டுக்காரர்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. விதிக்கு நவச்சாரம் ஊற்றுகிற வேலை என்னுடையது.

மூன்றாம் நாள் வெள்ளைக்கார இன்ஜினியர் வந்தார். வரிசையில் மீட்டரை வைத்தார். முள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. பிறகு ஒரு மணியை இணைத்தார். முள் விழுந்தது.

அவர் சொன்னதைக் கூட வந்த கிளார்க் தமிழில் சொன்னார். புத்தகத்தில் இருக்கும் பேட்டரிக்கு உள்ளே மின்சாரத்தை மறிக்கும் தடை கிடையாதாம். எவ்வளவு கேட்டாலும் கொடுக்குமாம். ஜாடியில் இருப்பதற்குத் தடை உண்டு. உப்பு பூத்து, துத்தநாகக் கோல் அரித்து, தண்ணீர் வற்றினால் அது ஏறும். நாக்கு கேட்பது துளி, அதைக் கொடுத்துவிடும். மணி நிறையக் கேட்கும்போது, பலமெல்லாம் ஜாடிக்குள்ளேயே செலவாகிவிடும்.

ஊற்று தூர்ந்த கிணறு என்று புரிந்துகொண்டேன். ஒரு செம்பு மொண்டால் தெரியாது. ஏற்றம் இறைத்தால் தரை தெரியும்.

எப்படிச் சோதித்தாய் என்று இன்ஜினியர் கேட்டார். நாக்கில் வைத்துக் காட்டினேன். அப்போதும் புளித்தது. அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜாடிகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அழுகை வரவில்லை.

அன்று அண்ணி எனக்குக் களி போட்டாள். நான் கையை வைத்ததும் கேட்டாள்.

"அன்னிக்கி காலைல நீ பேட்டரி பாத்தியா?"

"பாத்தேன் அண்ணி."

"நீ பாத்திருந்தா செரியாத்தான் இருந்திருக்கும்" என்று சொல்லி, இன்னொரு உருண்டையைத் தட்டில் வைத்தாள்.

எதைக் கொண்டு பார்த்தேன் என்று நான் சொல்லவில்லை. அந்த உருண்டையையும் தின்று முடித்தேன்.