என் மகளின் ஈறுக்குள் ஒரு மாட்டெலும்பு

இந்த ஊர்க் கடைகளில் மாட்டிறைச்சிப் பொட்டலத்தின் மேல், மாடு எந்த நாட்டில் பிறந்தது, எங்கே வளர்ந்தது, எங்கே வெட்டப்பட்டது என்று மூன்று வரி அச்சிட்டிருக்கும். ஜெர்மனிக்கு வந்து நான்கு வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. ஆம்பூரில் ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்குக் கறி வாங்கும்போது மாட்டின் ஜாதகத்தை யார் கேட்டோம்? என் எட்டு வயது மகள் ரூத் மட்டும் அதை விடாமல் உரக்கப் படிப்பாள்.

ரூத் பிளந்த உதட்டோடு பிறந்தவள். கைக்குழந்தையாக இருந்தபோதே வேலூரில் உதட்டைத் தைத்துவிட்டார்கள். மேல் ஈறின் எலும்பில் ஒரு சிறு இடைவெளி மிச்சமிருந்தது. கோரைப்பல் இறங்குவதற்குள் அதை நிரப்ப வேண்டும். இங்குள்ள மருத்துவர் இரண்டு வழி சொன்னார். இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து வைப்பது பழைய, நம்பகமான வழி. ஆனால் சில நாள் நடக்க வலிக்கும். இடைவெளி சிறியது என்பதால் இன்னொன்றும் செய்யலாம். அவள் ரத்தத்தையே சுழற்றிப் பிரித்தால் பிளேட்லெட் நிறைந்த மஞ்சள் கூழ் கிடைக்கும். அதைப் பதப்படுத்திய மாட்டெலும்புத் துகளோடு கலந்து நிரப்பி, மாட்டுத் தோலிலிருந்து செய்த மெல்லிய சவ்வால் மூடுவார்கள். துகள் கட்டடத்துக்குக் கட்டும் சாரம் மாதிரிதான், அதைப் பிடித்துக்கொண்டு அவளுடைய எலும்பே வளரும் என்றார்.

தோல் என்றதும் எனக்கு அப்பாவின் கைகள்தான் நினைவுக்கு வந்தன. அவர் முப்பது வருடம் ஆம்பூர் தோல் ஷாப்பில், தோலைப் பதனிடும் குரோம் உப்புத் தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்றவர். அவருடைய விரல் வெடிப்புகளுக்குத் தேங்காயெண்ணெய் தடவி வளர்ந்தவள் நான். அந்தத் தண்ணீரில் ஊறியதையா என் பிள்ளையின் ஈறுக்குள் வைப்பார்கள்? வேதியியல் படித்தும் இப்படிக் கேட்கிறாளே என்று மருத்துவர் நினைத்துவிடுவாரோ என்று கேட்காமல் இருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்து, மாடு என்பது உங்களுக்குச் சங்கடமாக இருக்கலாம், புரிகிறது என்றார். நான் தலை குனிந்திருந்தேன். நீட்டிய ஜெர்மன் தாள்களில் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன்.

அறுவைச் சிகிச்சை அன்று காலை ரூத்தின் இடுப்பில் அவர் நீல மையால் கோடு வரைந்துகொண்டிருந்தார். அங்கே எதற்கு என்றேன்.

"மாடு வேண்டாம் என்றுதானே கையெழுத்திட்டீர்கள்? உங்கள் நம்பிக்கையை மதித்தேன்."

நாங்கள் கிறிஸ்தவர்கள், மாட்டுக்கறி சாப்பிடுகிறவர்கள், என் பயம் குரோம் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. கைப்பேசியில், குழந்தை ரூத்தை ஏந்திய அப்பாவின் கைகளைக் காட்டினேன். விரல் வெடிப்புகளைப் பெரிதாக்கிப் பார்த்தார். அது செருப்புக்கான பதம், இது உடம்புக்காகவே செய்வது, இதில் குரோம் கிடையாது என்று நிதானமாக விளக்கினார். மாட்டெலும்புக்கு வேறு தாள் வந்தது. அகராதியோடு ஒவ்வொரு வரியாகப் படித்துக் கையெழுத்திட்டேன். சிகிச்சை மதியத்துக்குத் தள்ளிப்போனது. என் ஒரு மௌனம் அவள் இடுப்புவரை போயிருக்கிறது என்ற நடுக்கம் இன்னும் போகவில்லை. இடுப்பெலும்பே நல்லதாக இருந்திருக்குமோ என்றும் சில நேரம் தோன்றுகிறது.

நடந்ததைச் சொன்னதும் அப்பா போனில் சிரித்தார். "அந்த ஊரு மாடு நல்லா தீனி தின்னு வளந்திருக்கும்மா. பல்லு ஜோரா வரும். நீ பேஜாராவாத."

சில மாதம் கழித்து எடுத்த படத்தில் எலும்பு பிடித்திருந்தது. அன்று கடையில் ரூத் பொட்டலத்தை எடுத்தாள். "பிறந்தது போலந்து. வளர்ந்தது ஜெர்மனி." நாக்கால் ஈறைத் தடவிக்கொண்டு, "எனக்குள்ள இருக்கிற மாடு எந்த ஊரும்மா?" என்றாள். தெரியவில்லை என்றேன்.

"நான் பொறந்தது வேலூரு. வளர்றது இங்க," என்று அவளே சொல்லிக்கொண்டு அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினாள். அதற்குள் என் கட்டைவிரல் வெட்டப்பட்டது என்ற அந்த மூன்றாவது வரியை மூடிவிட்டிருந்தது.