பின் சீட்டுக்கு அடியில்

முகத்துவாரத்தில் மீன் அற்றுப்போன பிறகு, நானும் அண்ணனும் நெட்டுக்குப்பத்தில் வைத்திருந்த எங்கள் படகை விற்றுவிட்டு, நகரத்து முதலாளி ஒருவரின் உல்லாசப் படகுக்கு வேலைக்குப் போனோம். அண்ணன் ஓட்டுநர், நான் மெக்கானிக். மழைக்காலம் முழுக்கக் காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கொட்டகையில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும் அந்தப் படகைப் பொங்கலுக்கு முன் பழுதுபார்த்துத் தண்ணீரில் இறக்க வேண்டும்.

அந்த வருஷம் அடிப்பாகத்தைச் சுரண்டிக் கழுவினேன். கியர் ஆயில் பால் போல வெளுத்திருந்தது, தண்ணீர் புகுந்திருக்கிறது. புது ஆயில் சீல் போட்டேன். கடைசியாகப் பின் சீட்டைத் தூக்கினால், டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் போகும் பெட்ரோல் ஹோஸ் பித்தவெடிப்பு விழுந்த குதிகால் மாதிரி இருந்தது. வளைத்தபோது விரலில் பெட்ரோல் ஈரம். பக்கத்திலேயே பேட்டரி.

பெயிண்ட் வேலையைப் பார்க்க வந்த முதலாளியிடம் காட்டினேன்.

"சார், இந்த ஹோஸ் போயிடுச்சு. ஆர்டர் பண்ணா நாலு நாள்ல வந்துடும். அதுவரைக்கும் எடுக்க வேணாம்."

"நாளைக்கு விருந்தாளிங்க வர்றாங்கப்பா. போன வருஷமும் இதே ஹோஸ்லதானே ஓடுச்சு? பொங்கல் கழிச்சு மாத்திக்கலாம்."

அண்ணனைப் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் முதலாளி கேட்பார் என்று நம்பினேன்.

"ஓட்டப் போறது நான்தான். நீ இன்னாத்துக்குடா பயந்துகினு கீறே? கிளிப்பை இறுக்கி வுடு" என்றார் அண்ணன்.

இறுக்கினேன். முடியாது என்று ஸ்பேனரைக் கீழே வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

மறுநாள் காலை விருந்தாளிகளின் இரண்டு பிள்ளைகள் முதலில் ஏறி உட்கார்ந்தார்கள். அண்ணனுக்குப் பெட்ரோல் வாடை தட்டியிருக்க வேண்டும். "கொஞ்சம் எறங்குங்க கண்ணுங்களா" என்று அவர்களைக் கரையேற்றிவிட்டுச் சீட்டைத் தூக்கிப் பார்த்தார். "நேரமாச்சுப்பா, ஸ்டார்ட் பண்ணு" என்று முதலாளி கரையிலிருந்து குரல் கொடுத்தார். அண்ணன் சாவியைத் திருப்பினார்.

சீட்டுக்கு அடியிலிருந்து தீ பாய்ந்தது. கையால் அடித்து அணைக்கப் பார்த்தார். நான் ஓடிப்போய் அவரைத் தண்ணீரில் தள்ளி, பின்னாலேயே குதித்தேன். பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அண்ணனின் இரண்டு கைகளும் வெந்துபோயின.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் விசாரிக்க வந்தபோது நான் கட்டிலருகில் நின்றிருந்தேன்.

அண்ணன் கூரையைப் பார்த்தபடி சொன்னார்: "முதலாளி மாத்தச் சொன்னாரு சார். தம்பிதான் மாத்தாம வுட்டுட்டான்."

அறையை விட்டு வந்தேன். வெளியே தாழ்வாரத்தில் அண்ணி என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "காலைல முதலாளி வந்துட்டுப் போனாரு தம்பி. வைத்தியம் அவரே பாத்துக்கறாராம், அப்புறம் கொட்டாயில வாட்ச்மேன் வேலையாம். கை ரெண்டும் போயி கீதே, நான் இன்னா பண்ணட்டும்?"

உள்ளே திரும்பிப் போனேன். "ஆமா சார், நான்தான் மாத்தல" என்றேன். அதில் பாதி உண்மை என்பதுதான் இன்னும் எரிகிறது.

அதன் பிறகு எந்தப் படகுக்காரரும் என்னைக் கூப்பிடவில்லை. திருவொற்றியூரில் தண்ணீர் மோட்டார் பழுதுபார்க்கிறேன். பொங்கலுக்கு முன் முதலாளியின் படகைத் தயார் செய்ய இப்போது வேறொருவர் வருகிறார். அண்ணன் கேட்டைத் திறந்துவிடுகிறார்.

போன மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம். போயிருந்தேன். பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "தம்பி, அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தார்.

"வுடுண்ணா" என்றேன்.

அவருடைய காரணத்தைக் கேட்டுவிட்டால் அதற்குத் தலையாட்ட வேண்டியிருக்கும். அதற்கு நான் தயாராக இல்லை. அவரோ மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொண்டார். கண் கலங்க, மடங்காத விரல்களால் என் இலையில் இன்னொரு வடையைத் தள்ளி வைத்தார். தின்றேன்.